சாமான் ஏத்துறது

எட்டுப் பேர், ஒரு பழைய டொல்பின் வான், பத்து நாள், ஏறத்தாழ 1,100 கிலோமீற்றர். திட்டம் இவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியாக வவுனியா. அங்கிருந்து ஹொரவப்பொத்தானைப் பக்கத்தால் திருகோணமலை. பிறகு கரையோரமாக மட்டக்களப்பு, பொத்துவில். அதுக்கங்கால மொனராகலை, வெல்லவாய, எல்ல, ஹட்டன், கண்டி. கண்டியில் ஏ9 தொடங்குகிற இடத்தில் ஏறி 321 கிலோமீற்றர் நேரே வீடு. ஹோட்டல் கிடையாது. படுக்கை வானுக்குள், சமையல் வானுக்குப் பக்கத்தில்.

இந்த எண்ணம் எங்களுக்கு வந்தது யூரியூப்பால்தான், மறைக்க ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரச் சோடிகள் வானுக்குள் கட்டிலும் பேசினும் பிரிட்ஜும் வைத்து, கூரையில் சோலர் பூட்டி, மாசக்கணக்காய்ச் சுத்துகிற வீடியோக்கள். அமெரிக்காவில் ஆர்.வி. என்று பஸ் அளவு வீடுகளே ஓடுகின்றன. பென்சன் எடுத்த ஆக்கள் வீட்டை வித்துப்போட்டு அதில் ஏறி விடுகிறார்களாம். எங்களுக்கு வாய்த்தது எங்களில் ஒருத்தனின் பெரியப்பா ஸ்கூல் சேவிஸ் ஓடுற வான். பள்ளிக்கூட விடுமுறையில் அது போர்ட்டிகோவுக்குள் சும்மா நிற்கும். பெரியப்பா தருவதாகச் சொன்னார். மூன்று நிபந்தனை: ஒயில் நாங்கள் மாத்த வேண்டும், பின் ரயர் இரண்டும் நாங்கள் போட வேண்டும், அவரின் மகனைத் தவிர வேறு ஒருத்தரும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. நாலாவது நிபந்தனை பிறகு வந்தது. "இருட்டினாப் பிறகு ஓடக்கூடாது. யானைக்குக் கோன் அடிச்சா அது ஒதுங்கிப் போகாது, தம்பி."

கடைசி இரண்டு வரிசை சீற்றையும் கழட்டி, பிளைவூட் பலகை அடித்து, அதுக்குக் கீழே நாலு பிளாஸ்ரிக் கூடை வைக்க இடம் விட்டோம். தச்சுவேலை செய்கிற அண்ணர் கூலி எடுக்கவில்லை. ஆனால் "உதுக்குள்ள நாலு பேர் படுக்கப் போறியளோ?" என்று மூன்று தரம் கேட்டார். பெட்டையள் நாலு பேரும் வானுக்குள், பெடியள் நாலு பேரும் வெளியில் பாயில் என்று முடிவு. பலகையில் நாலு பேரும் ஒருக்காய்ப் படுத்துப் பார்த்தபோது ரின் மீன் ஞாபகம்தான் வந்தது. ஒருத்தி திரும்பினால் மற்ற மூன்று பேரும் திரும்ப வேண்டும். பழைய சேலையில் திரை தைத்தோம். நுளம்புவலைக்குக் கொளுக்கி அடித்தோம். கண்ணாடியில் ஒட்டியிருந்த "பாடசாலைச் சேவை" பலகையைக் கழட்டுவதா விடுவதா என்று ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்து, கடைசியில் விட்டுவிட்டோம்.

திகதி குறிப்பதுதான் பெரிய பாடு. கார்த்திகை, மார்கழியில் கிழக்கு முழுக்க மழை. வைகாசிக்குப் பிறகு ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை. ஆவணியில் நல்லூர்க் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் வீட்டில் மச்சம் இல்லை, மாமிசம் இல்லை, பிள்ளைகள் ஊர் சுத்தவும் இல்லை. மிஞ்சியது ஏப்ரல். ஏப்ரல் முற்பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும், தகரக் கூரை வானுக்குள் அந்த வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சித்திரை வருசத்துக்கு நுவரெலியாவில் நாடே கூடியிருக்கும். ஆகவே வருசம் முடிந்து மூன்றாம் நாள், விடியப்புறம் நாலரைக்கு வெளிக்கிடுவது என்று எழுதினோம். நுவரெலியா ரவுணில் நிற்காமல் நேரே ஹட்டனுக்குப் போவது என்றும் எழுதினோம். எழுதியது வட்ஸ்அப்பில் அல்ல, ஒரு சி.ஆர். கொப்பியில். அதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்காரருக்குக் காட்ட ஒரு கொப்பி வேண்டும். கொப்பியில் இருந்தால் அது படிப்பு மாதிரித் தெரியும்.

வீடியோக்களில் ஒருத்தரும் சொல்லாத ஒரு விசயம், பெண்களுக்கு எங்கே கழிவறை என்பது. ஆண்பிள்ளைகளுக்கு நாடு முழுக்க வேலி. எங்கள் கொப்பியில் மூன்று பக்கம் இதுதான்: எந்தப் பெற்றோல் ஷெட்டில் திறந்திருக்கும், எந்தக் கோயில் மடத்தில் தண்ணி வரும், எந்தப் பஸ் நிலையத்தை எந்த நிலையிலும் நம்பக்கூடாது. இதை எழுதத் தொடங்கியபோதுதான் பாதையே மாறியது. கடற்கரை, குளக்கரை என்று குறித்த இடங்களை ஒவ்வொன்றாய் வெட்டிவிட்டு, பட்ச்மேற்களின் வீடுகளைக் குறித்தோம். கலைப்பீடத்தில் படிப்பதால் கிடைத்த பெரிய நன்மை இது என்று நினைக்கிறோம். மூதூர், களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்று, பசறை, ஹட்டன் என்று எங்கே விரல் வைத்தாலும் அங்கே கன்ரீனில் எங்களோடு பிளேன்ரீ குடித்த ஒருத்தர் இருக்கிறார். வளவுக்குள் வானை விட இடமும், கிணறும், கழிவறையும் இருந்தால் போதும் என்று செய்தி போட்டோம். எல்லாரும் ஒரே பதில்தான் போட்டார்கள்: "வாங்கோ, ஆனா வானுக்குள்ள ஏன் படுக்கிறியள்?"

அனுமதி கேட்ட கதையை எழுதினால் தனிக் கட்டுரை வேண்டும். பெடியளும் பெட்டையளும் ஒரே வானில், அதுவும் பின்னால் மெத்தையோடு. இந்த ஒரு வசனத்துக்கே நாலு வீட்டில் கதவு சாத்தப்பட்டது. "கம்பஸுக்கு அனுப்பினது படிக்க" என்று ஒரு அப்பா. இன்னொரு அப்பா எங்களோடு கதைக்கவே இல்லை, பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஏழு பேராக இருந்த நாங்கள் எட்டானது இப்படித்தான். எங்களில் ஒருத்தியின் அக்கா ரீச்சர். அவ வந்தால் அனுப்புவோம் என்று நாலு வீடும் தனித்தனியே சொன்னது. அக்காவுக்கு வயது இருபத்தொன்பது. "உங்களைப் பாக்க வாறனெண்டு நினைக்காதேங்கோ. நானும் எல்லயைப் பாத்ததில்லை" என்றா. திட்டத்தில் அதிகம் விருப்பமாய் இருந்தது அவதான் என்பது பிறகு தெரிந்தது.

பாதைப் பயம் வேறு. பொலிஸ் மறித்தால் ஆர் கதைக்கிறது? எங்களில் ஹட்டன்காரிக்குத்தான் சிங்களம் தண்ணிபட்ட பாடு. அவளை முன் சீற்றில் இருத்துவது என்று தீர்மானம். அவளுக்கு இந்தத் தீர்மானம் சிரிப்பாய் இருந்தது. "நாங்க தினமும் பேசுறத நீங்க ஆயுதம் மாதிரி வச்சிருக்கீங்க" என்றாள்.

இந்த இடத்தில் ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். வாகனத்தில் அடுப்போடும் பானையோடும் ஊர் சுத்துவது எங்கள் தீவில் புதினம் இல்லை. 2009இல் ஏ9 திறந்த பிறகு நாங்கள் வளர்ந்ததே அதைப் பார்த்துத்தான். தெற்கிலிருந்து நயினாதீவுக்கு வருகிற பஸ்கள் ஆரியகுளத்தடியில் வரிசையாய் நிற்கும். காஸ் சிலிண்டர், பெரிய கிடாரம், சோத்துக்கு அரிசி, தேங்காய், பாய், தலையணி எல்லாம் அவர்களோடேயே வரும். றோட்டோரத்தில் சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே உடுப்புத் தோய்த்து, மதில்களில் காயப்போட்டு, பாடிக்கொண்டு போவார்கள். எங்கள் வீடுகளில் இதைப் பார்த்து முகம் சுழிப்பார்கள். குப்பை போடுகினம் என்பது ஒரு காரணம், அது நியாயமான காரணமும்தான். ஆனால் அந்தச் சுழிப்புக்குள் வேறொன்றும் இருந்தது. பொலன்னறுவையிலோ மாத்தறையிலோ ஒரு ஊர்ச் சனம் வருசம் முழுக்கக் காசு சேர்த்து வருகிற ஒரே பயணமாக அது இருக்கலாம். அவர்களிடம் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்கள் எந்த ஊர் றோட்டோரத்திலும் பாயை விரித்துவிட்டுக் கண்ணை மூடுவார்களே, அந்த நித்திரையில்தான் எங்களுக்குப் பொறாமை. எங்கள் சனத்தில் ஆரும் கண்டி றோட்டோரத்தில் பாய் விரித்து நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

எங்களில் ஆங்கில இலக்கியம் படிக்கிறவள் ஒருநாள் இதுக்கு ஒரு கதை கொண்டுவந்தாள். ஜோன் ஸ்ரைன்பெக் 1960ஆம் ஆண்டு, தன் 58ஆவது வயதில், ஒரு பிக்அப் லொறியின் முதுகில் சின்ன வீடு ஒன்றை ஏற்றி, சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுத்தக் கிளம்பினார். லொறிக்கு டொன் குவிக்சொட்டின் குதிரையின் பெயரை வைத்தார். கட்டில், அடுப்பு, புத்தகங்கள், எழுதத் தாள் எல்லாம் உள்ளே. 1962இல் அது புத்தகமாக வந்தது. ஆர்.வி. பயணம் என்றால் இன்றைக்கும் அமெரிக்கர் பலர் அந்தப் புத்தகத்தைத்தான் சொல்லுவார்கள். சரி, நல்ல கதை. ஆனால் அதுக்கு இருபது வருசத்துக்கு மேல் முந்தி, 1939இல், இதே மனிசன் இன்னொரு வாகனத்தை எழுதியிருக்கிறார். ஒக்லஹோமாவில் காணியை விட்டுத் துரத்தப்பட்ட ஜோட் குடும்பம், ஒரு பழைய ஹட்சன் காரை வெட்டி லொறியாக்கி, மெத்தை, பானை சட்டி, கிழவன் கிழவி, குழந்தை குட்டி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு 66ஆம் இலக்கப் பாதையால் கலிபோர்னியாவுக்குப் போகிறது. இரண்டிலும் வாகனம், இரண்டிலும் மெத்தையும் பானையும். "ஒண்டு ட்ரிப், மற்றது இடப்பெயர்வு. ஏத்தின சாமான் ஒண்டுதான்" என்றாள் அவள். கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு கிளிநொச்சிக்காரன், "ஜோட்டாக்கள் தகரத்தைக் கழட்டிக்கொண்டு போகேல்லையோ?" என்று கேட்டான்.

அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. அவனுக்கு 2009இல் ஆறு வயது. கிளிநொச்சியில் தொடங்கி தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று அவனுடைய வீடு ட்ரக்ரர் பெட்டியில் ஓடியது. கூரைத் தகரமும் மரமும் கூட ஏறின, ஏனென்றால் போகிற இடத்தில் வீடு கட்ட வேண்டும். அதை அவன் எங்களுக்கு ஒருநாளும் கதையாய்ச் சொன்னதில்லை. சாமான் ஏத்துகிற அன்றைக்குத்தான் வந்தது.

வெளிக்கிட முதல்நாள் பின்னேரம். முற்றம் முழுக்கச் சாமான். 2.3 கிலோ சின்னக் காஸ் சிலிண்டர், ஒற்றை அடுப்பு, 20 லீற்றர் தண்ணிக் கான் இரண்டு, குத்தரிசி, பருப்பு, நெத்தலிக் கருவாடு, வீட்டுத் தூள், புளி, ஒடியல் மா (ஏனென்று இன்றும் தெரியாது, ஒருத்தியின் அம்மம்மா தந்துவிட்டா), பாய்கள், ரோச் லயிட், பம்ப், ஜக், கயிறு. நாங்கள் கைக்கு வந்ததை வந்த இடத்தில் வைத்துக்கொண்டிருந்தோம். பாய்களையும் பைகளையும் கூரைக் கரியரில் கட்டலாம் என்று ஒருத்தன் ஏறிவிட்டான். கிளிநொச்சிக்காரன் அதுவரை ஒரு பக்கத்தில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், எழும்பி வந்து, "மேல கட்ட வேண்டாம். எல்லாத்தையும் உள்ள வைப்பம்" என்றான். "உள்ள இடம் காணாதடா." "காணும். எல்லாத்தையும் இறக்குங்கோ."

இறக்கினோம். அவன் ஒன்றொன்றாய் ஏத்தினான். கடைசியாய்த் தேவைப்படுவது முதலில், முதலில் தேவைப்படுவது கடைசியில். அரிசியும் காஸும் சில்லுக்கு மேலே, தண்ணிக் கான் கதவோடு, ஏனென்றால் எங்கே நின்றாலும் முதல் தேவை தண்ணி. பானைக்குள் கோப்பை, கோப்பைக்குள் தூள் போத்தல், போத்தலைச் சுத்தி உடுப்பு. ஒரு சத்தமும் வரக்கூடாதாம். முக்கால் மணித்தியாலத்தில் முற்றம் வெறுமை. உள்ளே ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கவும் இடம் கிடந்தது. "எங்கயடா பழகினனீ?" என்று கேட்டுவிட்டோம். "அப்பா ஏத்துவார். நான் மேல நிண்டு வாங்கி வைப்பன்" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துவிட்டு, "ஆர் ரீ போடுறது?" என்றான்.

அன்றிரவு இன்னொன்றும் நடந்தது. எங்களில் ஒருத்தியின் அம்மா பொலித்தீன் பையில் சுத்திய ஒரு பைலைக் கொண்டுவந்து அவளின் கையில் தந்தா. திறந்து பார்த்தால் பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதி, ஓ.எல்., ஏ.எல். சேட்டிபிக்கற், குடும்ப அட்டை, அடியில் காணி உறுதி.

"அம்மா, ட்ரிப்புக்கு உறுதி என்னத்துக்கு?"

"வீட்டை விட்டு வெளிக்கிடேக்க உதை விட்டிட்டுப் போறேல்லை, பிள்ளை."

"நீங்கள் வீட்டிலதானே நிக்கப் போறியள்?"

அவ கொஞ்ச நேரம் பைலைப் பார்த்துக்கொண்டு நின்றா. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது அவவுக்குப் பதினேழு வயது. ஒரு சைக்கிள், அதில் அரை மூட்டை அரிசி, தையல் மெஷினின் தலை மட்டும். மழை. நாவற்குழிப் பாலம் தாண்ட விடிந்துவிட்டதாம். ஒரு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்ததில் உறுதி அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. அதை மறுபடி எடுக்கக் கச்சேரிக்கு நடந்த நடை எங்களுக்குப் பாடம். பல தரம் கேட்டிருக்கிறோம். ஆனால் ட்ரிப் போகிற வானுக்கும் அந்தச் சைக்கிளுக்கும் அவ முடிச்சுப் போடுவா என்று எதிர்பார்க்கவில்லை. உறுதியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, சிரித்தா. "எனக்கு விசர்" என்றா. மற்றப் பைலைத் தந்தா. அது இப்போதும் டிரைவர் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. வாங்காமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை.

நாலரை என்றது ஐந்தரையானது. நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து மிதித்தோம். கண்ணாடியில் பெரியப்பாவின் பிள்ளையார், பக்கத்தில் மன்னார்க்காரி கட்டிய செபமாலை. பெரியப்பா ரயர்களைக் காலால் தட்டிப் பார்த்து, டிக்கியைத் திறந்து, சாமான் அடுக்கியிருந்த விதத்தைப் பார்த்து, "ஆர் உதை ஏத்தினது?" என்று மட்டும் கேட்டார். காட்டினோம். அவனின் தோளில் ஒருக்காத் தட்டினார்.

ஆனையிறவில் வெளிச்சம் வந்தது. உப்பளம் வெள்ளையாய்க் கிடந்தது. 1991 சண்டையில் எரிந்த கவச புல்டோசரை நினைவுச்சின்னமாக வைத்திருக்கிற இடத்தில் தெற்குப் பஸ்கள் இரண்டு நின்றன. பெண்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள். ஒரு பஸ்ஸின் பின் கதவு திறந்து கிடக்க, உள்ளே எங்களிடம் இருப்பதைப் போலவே ஒரு காஸ் அடுப்பு. அக்கா கையைக் காட்டினா. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, "பாடசாலைச் சேவை" பலகையைப் பார்த்துவிட்டு, உள்ளே பிள்ளைகளைத் தேடிக் குனிந்து, எங்களைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தா.

முறிகண்டியில் நிற்காமல் ஒரு வாகனமும் போவதில்லை. சாமி கும்பிடாத எங்கள் தோழரும் இறங்கினார், கச்சானுக்கு என்றார். தேங்காய் அடித்தோம். சிதறின சொட்டைப் பொறுக்கி, சம்பலுக்கு ஆகும் என்று அக்கா பையில் போட்டா. அதுக்கங்கால வவுனியா வரை கச்சான் கோதும் பாட்டும்தான், எழுத ஒன்றும் இல்லை.

வவுனியாவில் ஏ9ஐ விட்டு இடது பக்கம் திரும்பினோம். எங்களில் ஐந்து பேருக்கு அது அன்றுவரை போகாத றோட்டு. திருகோணமலைக்கு அப்பாமார் போன கதைகள் வேறு: 2006இல் பாதை மூடியபோது காங்கேசன்துறையிலிருந்து கப்பல், அதுக்கு மாசக்கணக்காய் அனுமதி. திருகோணமலை தாண்டி மூதூர்ப் பக்கம் போக, 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை 'பாதை' ஏறித் துறை கடக்க வேண்டும். எங்களுக்கோ யானை கடக்கும் இடம் என்ற பலகையும், தயிர்ச் சட்டி அடுக்கின கடைகளும், ஒரு பொலிஸ் மறிப்பும். லைசன்ஸ், இன்சூரன்ஸ் பார்த்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஹட்டன்காரி சிங்களத்தில் நீளமாய் ஏதோ சொன்னாள். அவர்கள் சிரித்துக் கையைக் காட்டினார்கள். என்ன சொன்னாய் என்று கேட்டோம். "ரீச்சர் ஒருத்தங்க ஏழு பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறாங்கன்னு சொன்னேன். போர்டுல போட்டிருக்கே."

இரண்டு மணிக்குத் திருகோணமலை. பட்ச்மேற்றின் வீட்டு வளவில், மாமரத்துக்குக் கீழே வானை விட்டோம். மாலை கடல், பிறகு எங்கள் அடுப்பில் எங்கள் சோறு என்று கொப்பியில் எழுதியிருந்தது. அடுப்பை வெளியில் எடுக்கவே அவளின் அம்மா விடவில்லை. சூடை மீன் குழம்பும் புட்டும் காத்துக் கிடந்தது. இரவு பலகையில் மெத்தை விரித்து, திரை கட்டி, நுளம்புவலையைக் கொளுவின பிறகு, அவ வாசலில் வந்து நின்று, "வீடு இருக்கேக்க பிள்ளையள் வாகனத்துக்குள்ள படுக்கிறதோ? எழும்பி வாங்கோ" என்றா. இரண்டு தரம் சொன்னா. மூன்றாம் தரம் தலையணிகளை அவவே தூக்கிக்கொண்டு போய்விட்டா.

ஹோலில் பாய் விரித்து எல்லாரும் படுத்தோம். கிளிநொச்சிக்காரன் மட்டும் வரவில்லை. "நான் வானுக்குள்ள படுக்கிறன், சாமான் கிடக்கு" என்றான். ஒன்பது நாள் முன்னால் கிடக்க, நாலு பேருக்குச் செய்த பலகையில் அவன் ஒருத்தன் கையையும் காலையும் விரித்துப் படுத்து, நாங்கள் விடியப்புறம் தட்டி எழுப்பும்வரை குறட்டை விட்டான்.